கதவுக்கு மேல் ஒரு சித்திரம்

1939 வாக்கில் அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் கட்டிய தபால் நிலையத்துக்குள் நுழைந்தால் அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நீளவாக்கில் ஒரு கூடம். ஒரு பக்கம் தபால்தலை விற்கும் ஜன்னல்கள், சின்னச் சின்னப் பூட்டுக் கதவுகளோடு தபால் பெட்டிகள். கூடத்தின் கோடியில் போஸ்ட்மாஸ்டரின் அறைக்கதவு. அந்தக் கதவுக்கு மேலே, கூரை வரைக்கும் வெறும் சுவர். பன்னிரண்டடி அகலம், ஐந்தடி உயரம் இருந்தால் அதிகம். அதற்குள்ளும் கீழ்நடுவில் கதவு நிலையின் தலை துருத்திக்கொண்டு நிற்கும். கோதுமை அறுவடையை வரைந்தாலும் சரி, குதிரை வண்டியில் தபால் வந்த கதையை வரைந்தாலும் சரி, அந்தத் துருத்தலுக்கு வழிவிட்டுத்தான் ஓவியர் தன் மனிதர்களை நிறுத்தியாக வேண்டும். பல சித்திரங்களில் ஆட்கள் இடமும் வலமுமாகக் கூடி நடுவில் ஒரு பாறையோ மரக்கட்டையோ கிடக்கும். அழகியல் காரணம் ஏதோ இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். கீழே கதவு இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்படி 1934 முதல் 1943 வரை, சுவர்ச் சித்திரங்களும் புடைப்புச் சிற்பங்களுமாக ஏறத்தாழ 1,400 படைப்புகளை அமெரிக்கக் கருவூலத் துறை ஊர் ஊராக வைத்தது. பெருமந்தத்தின் ஆண்டுகள் அவை. 1933-இல் அந்த நாட்டில் நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறவனுக்குச் சித்திரம் எதற்கு என்று அன்றே கேட்டார்கள். அரசுப் பணத்தில் கலை வளருமா, வீணாகுமா என்ற பட்டிமன்றம் இன்றைக்கும் ஓய்ந்தபாடில்லை. எனக்கு அதில் அவ்வளவு ருசி இல்லை. அந்தத் திட்டங்களின் கோப்புகளில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு சொல்தான் என்னை இழுக்கிறது: ஊர். ஊருக்குப் பிடித்ததாக, ஊர் ஒப்புக்கொண்டதாக, ஊர் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும்படியாக இருக்க வேண்டும் என்றார்கள். நல்ல எண்ணம். ஆனால் ஊர் என்று யாரைக் கேட்டார்கள்?

முதலில் இது எப்படித் தொடங்கியது என்று பார்த்துவிடலாம். 1933 மே மாதம் ஜார்ஜ் பிடில் என்ற ஓவியர், தன் பள்ளிக்காலத் தோழரும் புதிதாகப் பதவியேற்றிருந்த அதிபருமான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். மெக்சிகோவில் அரசு இளம் ஓவியர்களுக்குக் குழாய்ப் பணியாளர் அளவு கூலி கொடுத்துப் பொதுச் சுவர்களில் வரையவிட்டது, நாமும் செய்யலாமே என்பது சாரம். அந்த ஆண்டு டிசம்பரிலேயே பொதுப்பணிக் கலைத் திட்டம் என்ற பெயரில் ஒரு வெள்ளோட்டம் நடந்தது. எட்வர்ட் புரூஸ் அதன் பொறுப்பாளர். வழக்கறிஞராகவும் வணிகராகவும் இருந்துவிட்டு நடுவயதில் ஓவியத்துக்கு வந்த மனிதர். ஏறத்தாழ ஆறு மாதத்தில் 3,700-க்கும் மேற்பட்ட ஓவியர்களும் சிற்பிகளும் 15,000-க்கும் மேற்பட்ட படைப்புகளைச் செய்து கொடுத்தார்கள்.

வெள்ளோட்டத்திலேயே சிக்கலும் வந்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் குன்றின் மேல் புதிதாக எழுந்திருந்த காய்ட் கோபுரத்தின் உட்சுவர்களில் இரண்டு டஜனுக்கும் மேற்பட்ட ஓவியர்கள் ஈரச் சுண்ணத்தின் மேல் கலிபோர்னிய வாழ்க்கையை வரைந்தார்கள். ஆரஞ்சுத் தோட்டம், பால் பண்ணை, நகரத் தெரு. பெர்னார்ட் ஜாக்ஹைம் வரைந்த நூலகக் காட்சியில் ஒருவர் அலமாரியிலிருந்து மார்க்ஸின் ‘மூலதன’த்தை எடுக்கக் கை நீட்டுகிறார். கிளிஃபோர்ட் வைட் ஜன்னல்களுக்கு மேலே வரைந்த சின்னங்களில் அரிவாள் சுத்தியலும் ஒன்று. அதே நேரத்தில் கீழே துறைமுகத்தில் கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தம். ஜூலை 5 அன்று போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். மேலே கோபுரம் பூட்டியே கிடந்தது. அக்டோபரில் திறந்தபோது அரிவாள் சுத்தியல் இல்லை. மார்க்ஸ் மட்டும் எப்படியோ தப்பித்து இன்றைக்கும் அலமாரியில் இருக்கிறார். தணிக்கைக்காரர்கள் சின்னத்தைப் பார்ப்பார்கள், புத்தகத்தின் முதுகைப் படிக்க மாட்டார்கள் போலும்.

அதன் பிறகு வழி இரண்டாகப் பிரிந்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்தத் திட்டங்களைப் பற்றிய பேச்சு பாதி வீணாகிறது. ஒன்று, புரூஸ் தலைமையில் கருவூலத் துறையில் 1934 அக்டோபரில் அமைந்த ஓவிய, சிற்பப் பிரிவு. தபால் நிலையச் சித்திரங்கள் இதன் வேலை. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கு கலைக்கு என்பது இதன் கணக்கு. வறுமை இங்கே தகுதி இல்லை, கைத்திறன்தான் தகுதி. போட்டி வைத்தார்கள், ஓவியரின் பெயரை மறைத்து வரைவுகளைப் பார்த்தார்கள். இன்னொன்று, 1935-இல் ஹாரி ஹாப்கின்ஸ் நடத்திய மாபெரும் நிவாரண வேலைத் துறையான டபிள்யூ.பி.ஏ.-வின் கீழ் வந்த கூட்டாட்சிக் கலைத் திட்டம். இங்கே கைத்திறனுக்கு முன்னால் வறுமை. நிவாரணப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், வீட்டுக்கு வந்து விசாரிக்கிறவருக்குத் தன் இல்லாமையை நிரூபிக்க வேண்டும். ஓவியருக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்டவர்களுக்கு ஹாப்கின்ஸ் சொன்ன பதில் எளிமையானது: மற்றவர்களைப் போல அவர்களும் சாப்பிட வேண்டுமே.

தரம் தேடிய திட்டம் ஒன்று, பசி தீர்க்க வந்த திட்டம் இன்னொன்று. எதிலிருந்து நல்ல கலை வந்திருக்கும் என்று கேட்டால் யாரும் முதலாவதைத்தான் சொல்வார்கள். நடந்தது அப்படி இல்லை.

கருவூலப் பிரிவின் நடைமுறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒரு சிற்றூர்ச் சித்திரத்துக்கு 700 டாலர் அளவில் கூலி. வண்ணம், கித்தான், பயணம், கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டுவது எல்லாம் அதற்குள்ளேயே. பணம் மூன்று தவணையாக வரும். சின்ன வரைவை வாஷிங்டன் ஒப்புக்கொண்டால் முதல் தவணை. சுவரின் அளவுக்கே தாளில் கரியால் வரைந்து, அதன் நிழற்படத்தை அனுப்பி, அதுவும் தேறினால் இரண்டாவது. கித்தானில் வண்ணம் தீட்டி, சுருட்டி எடுத்துப்போய்க் கதவுக்கு மேல் ஒட்டி, சித்திரம் ஒழுங்காக வந்திருக்கிறது என்று போஸ்ட்மாஸ்டர் கடிதம் எழுதிய பிறகு மூன்றாவது. இந்த மூன்று படியிலும் புரூஸின் உதவியாளர் எட்வர்ட் ரோவனிடமிருந்து திருத்தக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும். குதிரையின் கால் சரியில்லை, அந்தப் பெண்ணின் முகம் கடுமையாக இருக்கிறது, இது கொஞ்சம் நவீனமாகத் தெரிகிறது என்பது போல. மூன்று தவணைக்குக் காத்திருக்கிறவர் எத்தனை தரம் எதிர்வாதம் செய்வார்? இரண்டாவது ஓவியத்திலிருந்து ரோவனுக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு அதையே வரையத் தொடங்கிவிடுவார். தங்கள் சுவருக்கென்று ஒரு வாஷிங்டன் பாணி வந்துவிட்டது என்று ஓவியர்களே சலித்துக்கொண்டார்கள்.

அதனால்தான் இந்த 1,400-ஐ நிழற்படங்களில் வரிசையாகப் பார்க்கும்போது ஒரு அலுப்பு தட்டுகிறது. திரண்ட தோள்கள், உருண்ட மேகங்கள், அறுவடை, மரம் வெட்டுதல், தபால் வண்டி, ஊரை நிறுவிய முன்னோர். வரைந்தவருக்கு வேலை இல்லை, பார்க்கிறவருக்கு வேலை இல்லை, சித்திரத்தில் மட்டும் எல்லோரும் வேலை செய்கிறார்கள். மந்தத்தைக் காட்டும் சித்திரம் மிகக் குறைவு. மூடிய ஆலை, ஏலம் போன பண்ணை, பெட்டி படுக்கையோடு மேற்கே போகும் குடும்பம் இதெல்லாம் தபால் நிலையத்துக்குள் வரவே பயந்தன. இதை வெறும் கோழைத்தனம் என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. தினமும் கடனோடு கண்விழிக்கிறவருக்குத் தபால்தலை வாங்கப் போன இடத்திலும் கடனையே காட்ட வேண்டுமா? பல ஊர்க்காரர்களுக்கு அச்சில் அல்லாமல் கையால் தீட்டிய பெரிய சித்திரத்தைப் பார்த்தது அதுவே முதல் தடவை. வரைகிறவர்களை ஊருக்குப் போய்ப் பாருங்கள், போஸ்ட்மாஸ்டருக்கு எழுதிக் கேளுங்கள் என்று பிரிவு வற்புறுத்தியது. அந்த 700 டாலரில் ரயில் கட்டணமும் அடக்கம் என்பதால் பலர் நூலகத்தில் வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இந்த இடத்தில்தான் கெல்லாக் வருகிறது.

1939-இல் கருவூலப் பிரிவு அன்றைய 48 மாநிலங்களுக்கும் மாநிலத்துக்கு ஒரு தபால் நிலையம் என்று ஒரே நேரத்தில் போட்டி வைத்தது. கிட்டத்தட்ட 1,500 வரைவுகள் வந்தன. வென்றவற்றை டிசம்பரில் ‘லைஃப்’ பத்திரிகை வெளியிட்டது. பல ஊர்கள் தங்கள் சுவருக்கு என்ன வரப்போகிறது என்பதைப் பத்திரிகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டன, உடனே சண்டைக்கும் எழுந்தன. ஐடஹோ மாநிலத்தில் வெள்ளியும் ஈயமும் தோண்டும் ஊர் கெல்லாக். அதற்கு ஃபிளெட்சர் மார்ட்டின் வரைந்திருந்தது சுரங்க மீட்பு. சுரங்கத்துக்குள் மரச்சட்டங்களுக்கிடையே அடிபட்ட தொழிலாளி ஒருவரைத் தூக்குக்கட்டிலில் கிடத்தி, சக தொழிலாளிகள் குனிந்து சுமந்து வருகிறார்கள். அந்தப் போட்டியின் மிக வலுவான வரைவுகளில் அது ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. குறுகலான சுவரின் நெருக்கடியைச் சுரங்கத்தின் நெருக்கடியாகவே ஆக்கிக்கொண்ட கெட்டிக்காரத்தனம் அதில் இருந்தது.

சுரங்கத் தொழிலாளர் சங்கம் அந்தச் சித்திரம் வேண்டும் என்றது. சுரங்கத்தை நடத்துகிறவர்களும் ஊர்ப் பிரமுகர்களும் வேண்டாம் என்றார்கள். விபத்தை எதற்கு நினைவூட்ட வேண்டும் என்பது அவர்கள் வாதம். வாஷிங்டன் இரண்டு குரலையும் கேட்டது. பிறகு, மார்ட்டின் வேறு சித்திரம் வரைந்தார். பெயர் ‘கண்டுபிடிப்பு’. 1885-இல் நோவா கெல்லாக் என்பவரின் கழுதை அவிழ்த்துக்கொண்டு ஓடிப்போய்த் தாதுப் பாறையின் மேல் நின்றது என்று ஊரில் ஒரு கதை உண்டு. அந்த மனிதரும் அந்தக் கழுதையும் 1941-இல் கதவுக்கு மேல் ஏறினார்கள்.

ஊரைக் கேட்டார்களா? கேட்டார்கள். ஊர் இரண்டாகப் பதில் சொன்னபோது எந்த ஊரை ஊராக எடுத்துக்கொண்டார்கள் என்பதில்தான் இந்தத் திட்டத்தின் குறை முழுவதும் அடங்கியிருக்கிறது. போஸ்ட்மாஸ்டர், செய்தித்தாள் ஆசிரியர், வணிகர் சங்கம், ஆலை முதலாளி இவர்கள் எழுதும் கடிதமே ஊரின் கடிதம். தூக்குக்கட்டிலில் கிடப்பவர் கடிதம் எழுதுவதில்லை. அவருக்காகச் சங்கம் எழுதினாலும் எடை குறைவு.

தென் கரோலினாவின் எய்க்கன் ஊரில் ஸ்டெஃபான் ஹிர்ஷ் நீதிமன்ற அறைக்கு வரைந்த சித்திரம் இன்னும் வெளிப்படையான கதை. நீதியை உருவகிக்கும் பெண் நடுவில் நிற்கிறாள். 1938-இல் அது சுவரேறியதும், அவள் நிறம் கொஞ்சம் கறுப்பாகத் தெரிகிறதே என்று கூச்சல் எழுந்தது. நீதிபதியின் இருக்கைக்குப் பின்னால் நீதி தேவதை கலப்பினப் பெண்ணாகவா என்பதுதான் கோபம். கடைசியில் அதன் மேல் திரை போட்டு மூடினார்கள். கண்ணைக் கட்டிய நீதியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம், இங்கே உடம்பு முழுக்கத் துணி. தெற்கின் பல தபால் நிலையங்களில் கறுப்பினத்தவர் தாராளமாக இடம்பெற்றார்கள், பருத்தி பறிக்கிறவர்களாக, மூட்டை சுமக்கிறவர்களாக, முகத்தில் சோர்வே இல்லாமல். அந்த உருவங்களுக்கு எந்த ஊரும் திரை போடவில்லை.

ஆனாலும் எல்லாக் கதையும் ஒரே திசையில் போகவில்லை. ஒக்லஹோமாவின் வாட்டோங்கா ஊரில் 1941-இல் ஈடித் மாஹியர் என்ற ஓவியர் ஷயான் பழங்குடித் தலைவர் ரோமன் நோஸைச் சித்திரமாக வரைந்தார். ஷயான் மக்கள் தபால் நிலையத்துக்கு முன்னால் வந்து மறியல் செய்தார்கள். எங்கள் தலைவர் நவாஹோக்காரர் மாதிரி இருக்கிறார், குதிரைகளின் கழுத்து அன்னப்பறவை மாதிரி நீண்டிருக்கிறது என்பது அவர்கள் குறை. படித்ததும் சிரிப்பு வரும். ஆனால் யோசித்துப் பாருங்கள், அதற்கு முன்னால் பழங்குடியினரை ஆயிரக்கணக்கான சித்திரங்களில் இஷ்டத்துக்கு வரைந்திருக்கிறார்கள், சரியாக இருக்கிறதா என்று யாரும் அவர்களைக் கேட்டதில்லை. தபால் நிலையம் வரிப்பணத்தில் கட்டிய பொது இடம் என்பதால் வந்து நின்று கேட்க முடிந்தது. செல்வந்தர் வீட்டு வரவேற்பறையில் தொங்கும் ஓவியத்துக்கு எதிராக யாரும் மறியல் செய்ய முடியாது. இந்தத் திட்டத்தின் பெரிய பலன் சித்திரங்கள் அல்ல, அவற்றைச் சுற்றி எழுந்த சண்டைகள்தான் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். கலையைப் பற்றி ஒரு சாதாரண ஊர்க்காரர் அரசுக்குக் கோபமாகக் கடிதம் எழுதியதும், அதற்கு ஒரு அதிகாரி பொறுமையாகப் பதில் எழுதியதும் அடிக்கடி நடக்கிற காரியமா?

இனி அந்தப் பக்கம், பசிக்காரர்களின் திட்டம். நியூயார்க்கில் வாரத்துக்கு 23 டாலர் சில்லறை. ஓவியர் வீட்டிலேயே வரையலாம், சில வாரத்துக்கு ஒரு கித்தான் கொடுத்தாக வேண்டும். என்ன வரைகிறாய் என்று பெரிதாக யாரும் கேட்பதில்லை. கூலிக்கு மாரடிக்கும் கூட்டம் என்று பத்திரிகைகள் எழுதின. மண்வெட்டியில் சாய்ந்து நிற்கும் டபிள்யூ.பி.ஏ. தொழிலாளி கேலிச்சித்திரக்காரர்களுக்கு அன்றாடத் தீனி. தூரிகையில் சாய்ந்து நிற்பவர் அவருக்கு அண்ணன். சாய்ந்து நின்றவர்களும் இருந்திருப்பார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த 23 டாலரை வாங்கியவர்கள் பட்டியலில், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஜாக்சன் போலக், மார்க் ராத்கோ, லீ கிராஸ்னர், ஆர்ஷில் கார்க்கி பெயர்கள் இருக்கின்றன. வில்லெம் டி கூனிங்கும் இருந்தார், குடியுரிமை இல்லாததால் 1937-இல் விலக வேண்டியதாயிற்று. ஜேக்கப் லாரன்ஸ் முதலில் போனபோது வயது போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். சிற்பி ஆகஸ்டா சாவேஜ் ஞாபகம் வைத்திருந்து, 21 வயது நிரம்பியதும் அவரை மறுபடி கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டார். முழுநேரமும் வரைந்துகொண்டே இருப்பது என்றால் என்ன என்பதை இவர்களில் பலர் அங்கேதான் கண்டார்கள். ஒருவரும் அன்று பெரிய பெயர் இல்லை. தரம் பார்த்து எடுத்திருந்தால் பாதிப் பேர் வாசலிலேயே நின்றிருப்பார்கள்.

யார் பெரிய ஓவியர் ஆவார் என்று எந்தக் குழுவுக்கும் முன்கூட்டித் தெரியாது. எல்லாருக்கும் சோறு போட்டால் அதில் சிலர் ஆவார்கள், பலர் ஆக மாட்டார்கள். வீண் என்று கணக்கெழுதும் செலவும் அதற்குள்தான் இருக்கிறது. தபால் நிலையப் பிரிவு வீணைத் தவிர்க்கப் பார்த்தது, அதோடு வியப்பையும் தவிர்த்துவிட்டது.

அதேசமயம் கூட்டாட்சிக் கலைத் திட்டத்தை வானளாவப் புகழ்கிறவர்கள் மறைக்கிற ஒரு பக்கம் உண்டு. எட்டு ஆண்டுகளில் இத்திட்டம் உண்டாக்கியவை ஏறத்தாழ 2,500 சுவரோவியங்கள், 1,08,000 ஓவியங்கள், 17,000-க்கும் மேற்பட்ட சிற்பங்கள், 20 லட்சம் சுவரொட்டிகள். இவ்வளவையும் செய்யச் சொன்ன அரசுக்கு, செய்ததை எங்கே வைப்பது என்ற யோசனை இல்லை. 1943-இல் கடையைக் கட்டியபோது, நியூயார்க்கில் கிட்டங்கியில் கிடந்த கித்தான்களை உபரிச் சரக்காக எடைக்குப் போட்டு விற்றார்கள். வாங்கியவர் ஒரு பழைய சாமான் வியாபாரி. குழாய்களுக்குச் சுற்றும் உறையாகப் பயன்படும் என்ற நினைப்பு. சூடேறினால் எண்ணெய் வண்ணம் நாறும் என்று தெரிந்த பிறகு அவை இன்னொரு கடைக்குப் போயின, அங்கிருந்து சிலவற்றை வரைந்தவர்களே காசு கொடுத்து மீட்டார்கள். நியூவார்க் விமான நிலையத்தில் பறத்தலைப் பற்றி கார்க்கி வரைந்த பத்துச் சித்திரங்களின் மேல் போர்க்காலத்தில் வெள்ளை அடித்தார்கள். 1970-களில் பதினான்கு பூச்சுகளுக்கு அடியிலிருந்து இரண்டை மீட்க முடிந்தது. எட்டு போயே போயின. போஸ்ட்மாஸ்டர் கதவுக்கு மேல் ஒட்டிய சாதாரணச் சித்திரங்கள் நூற்றுக்கணக்கில் இன்றும் இருக்கின்றன. தரத்தைப் பார்த்து அல்ல, சொந்தம் கொண்டாட ஒரு ஊர் இருந்ததா இல்லையா என்பதைப் பார்த்துத்தான் காலம் தேர்ந்தெடுத்திருக்கிறது.

சொந்தம் கொண்டாடுவது என்றதும், ஓவியத்தை விட்டுக் கைவினைக்குப் போனால் ஓரிகன் மாநிலத்தின் ஹூட் மலையில் ஆறாயிரம் அடி உயரத்தில் டபிள்யூ.பி.ஏ. கட்டிய டிம்பர்லைன் விடுதி நினைவுக்கு வருகிறது. ஸ்டான்லி கியூப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ படம் பார்த்தவர்களுக்கு அதன் வெளித்தோற்றம் தெரியும். பேய்க்கதைக்குப் பொருத்தமாக இருந்ததற்கு மலையும் பனியும் காரணம், உள்ளே போனால் அப்படியொரு இணக்கமான கட்டடம். 1936 கோடையில் வேலை தொடங்கி 1937 செப்டம்பர் 28 அன்று ரூஸ்வெல்ட் வந்து அர்ப்பணித்தார். சட்டப்படி பணத்தின் பெரும்பகுதி கூலிக்கே போக வேண்டும், பொருளுக்குக் கொஞ்சம்தான். அதனால் கையில் கிடைத்ததையெல்லாம் பொருளாக்கினார்கள். கழித்துப்போட்ட கம்பிக் கம்பங்களை வாங்கி மாடிப்படிக் கைப்பிடியின் தூண்களாக நிறுத்தி, தலையில் கரடி, கழுகு, நீர்நாய் என்று செதுக்கினார்கள். பழைய ரயில் தண்டவாளத்தை வளைத்துக் கணப்புக்கு விறகு தாங்கி. வண்டிச் சக்கரத்தில் பனிக்குக் கட்டும் சங்கிலியைக் கோத்து நெருப்புக்கு முன் தட்டி. வனப்பணி முகாமின் பழைய போர்வைகளையும் சீருடைகளையும் கிழித்துத் தரைவிரிப்பு. மார்ஜரி ஹாஃப்மன் ஸ்மித் மேற்பார்வையில் நிவாரணப் பட்டியலில் இருந்த பெண்கள் திரைச்சீலைகளையும் நாற்காலித் துணிகளையும் கையால் நெய்தார்கள்.

அந்தத் தூணின் தலையை நிழற்படத்தில் பெரிதாக்கிப் பார்த்தால், உச்சியில் வருகிறவர் போகிறவர் கைபட்டு மரம் மழுமழுவென்று ஆகியிருப்பது தெரிகிறது. சுவரில் இருக்கும் சித்திரத்துக்கு இந்தப் பாக்கியம் இல்லை. என் கண்ணுக்கு இந்தக் காலத்தின் மிக வெற்றிகரமான கலை இதுதான். இங்கே கலைஞர் வேறு, தொழிலாளி வேறு என்ற பிரிவு கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. கொல்லர் கொல்லராகவே கலைஞர். வாஷிங்டனுக்கு வரைவு அனுப்பிக் காத்திருக்கவில்லை. பற்றாக்குறையே பாணி. இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும்: கட்டி முடித்த அரசு பராமரிக்க மறந்தது. 1950-களின் நடுவில் விடுதி சீரழிந்து மூடப்பட்டது. 1955-க்குப் பிறகு ஒரு தனியார் குத்தகைதாரரும், 1975-இல் உருவான நண்பர் குழுவும்தான் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். இந்தத் திட்டங்கள் அனைத்துக்கும் பொதுவான ஊனம் இது. வேலை கொடுப்பதற்கு நிதித் தலைப்பு இருந்தது, காப்பாற்றுவதற்கு இல்லை.

டபிள்யூ.பி.ஏ. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் திறந்த கலைக்கூடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊர் இடம் கொடுக்க வேண்டும், வாடகை, விளக்குச் செலவு ஊருடையது. ஆசிரியர் சம்பளம் மத்திய அரசுடையது. இந்த ஏற்பாட்டில் ஊருக்கும் பங்கு இருந்ததால் சில பிழைத்தன. மினியாபொலிஸின் வாக்கர் கலை மையம் இன்றிருக்கும் உருவத்துக்கு வந்தது இந்த வழியில்தான். சிகாகோவின் தெற்குப் பகுதியில் கறுப்பின மக்கள் தாங்களே சேர்த்த பணத்தில் வாங்கிய வீட்டில் தொடங்கிய கூடம் இன்றும் நடக்கிறது. ஆனால் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமின் மருத்துவமனையில் சார்லஸ் ஆல்ஸ்டன் குழு 1936-இல் வரைவுகள் கொடுத்தபோது, அவற்றில் கறுப்பினத்தவர் அதிகம் இருக்கிறார்கள் என்று மருத்துவமனைக் கண்காணிப்பாளர் திருப்பிவிட்டார். ஹார்லெமில்! ஓவியர் சங்கங்கள் தெருவில் இறங்கிய பிறகே வரைய முடிந்தது. ஊர் என்று யாரைக் கேட்பது என்ற கேள்வி இங்கேயும் அதே கேள்விதான், பதிலை மட்டும் இந்த முறை தெரு மாற்றியது.

அரசியல் இந்தக் கதையை எப்படி முடித்தது என்பது தெரிந்ததே. 1938-இல் நாடாளுமன்றத்தின் டைஸ் குழு கம்யூனிஸ்டுகளைத் தேடி நடத்திய விசாரணையில், பதினாறாம் நூற்றாண்டு நாடகாசிரியர் கிறிஸ்டஃபர் மார்லோ கம்யூனிஸ்டா என்று ஒரு பிரதிநிதி கேட்டார். சிரித்தார்கள், ஆனால் 1939 ஜூன் 30-ஆம் தேதியோடு அரசின் நாடகத் திட்டம் மூடப்பட்டது. மற்றத் திட்டங்களில் 18 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவர்களை நீக்கும் விதி வந்தது. ஆண்டுக் கணக்கில் உருவாகிற சுவரோவியத்துக்கு 18 மாத விதி! அரசுப் பணத்தின் கயிறு எப்போதும் இப்படித்தான், இழுப்பவர் மாறிக்கொண்டே இருப்பார்.

இழுப்பவர் வலதுசாரியாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. காய்ட் கோபுரத்தில் வேலை பார்த்த விக்டர் ஆர்னாட்டாஃப், 1936-இல் சான் பிரான்சிஸ்கோவின் ஜார்ஜ் வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் 13 சித்திரங்களில் வாஷிங்டனின் வாழ்க்கையை வரைந்தார். மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேராவிடம் வேலை பழகிய இடதுசாரி. முதல் அதிபரின் தோட்டத்தில் அடிமைகள் உழைப்பதையும், மேற்கு நோக்கிப் போகும் குடியேறிகள் செத்துக் கிடக்கும் பழங்குடி மனிதரைத் தாண்டிப் போவதையும் அப்பட்டமாகக் காட்டியிருந்தார். பள்ளிப் பாடநூல் சொல்லத் துணியாததைப் பள்ளிச் சுவர் சொன்னது. 1974-இல் மாணவர்களின் கோரிக்கைக்குப் பதிலாக டூயி கிரம்ப்ளர் என்ற கறுப்பின ஓவியர் எதிர்ச் சித்திரங்களை வரைந்தார். 2019-இல், தினமும் அந்தப் பிணத்தைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போக வேண்டுமா என்று பழங்குடி, கறுப்பினப் பெற்றோரும் மாணவரும் கேட்டார்கள். பள்ளி வாரியம் முதலில் சித்திரங்களை அழிக்கவே தீர்மானித்தது, பிறகு மறைக்க, பிறகு வழக்கு, 2022-இல் அந்தத் தீர்மானமும் திரும்பப் பெறப்பட்டது.

அழிப்பதற்கு நான் உடன்படவில்லை. ஆனால் கேட்ட மாணவரை வரலாறு தெரியாதவர் என்று ஏளனம் செய்த கலை ரசிகர்களோடும் உடன்பட முடியவில்லை. ஒரு பிணத்தை வரைவதில் ஓவியரின் கோபம் யார் மேல் என்பது ஒன்று, அந்தப் பிணத்தின் பேத்திக்கு அது என்னவாகத் தெரிகிறது என்பது இன்னொன்று. வாட்டோங்காவில் ஷயான் மக்களின் குறைக்குச் சிரித்தவர்கள், இங்கேயும் அப்படியே சிரிக்கப் பார்த்தார்கள். கிரம்ப்ளர் செய்ததுதான் எனக்கு வழியாகப் படுகிறது: பதில் சொல்ல இன்னொரு சுவரைக் கொடுப்பது. அதற்கும் பணம் வேண்டும், அதைக் கொடுக்க இப்போது அப்படியொரு துறை இல்லை.

கெல்லாக் பக்கம் ஒரு தரம் திரும்பிப் போக வேண்டும். 1972 மே 2 அன்று அந்த ஊருக்குச் சற்றுத் தள்ளி சன்ஷைன் வெள்ளிச் சுரங்கத்தில் தீப்பிடித்தது. 91 பேர் செத்தார்கள். ஒரு வாரம் கழித்து இரண்டு பேரை உயிரோடு மேலே கொண்டுவந்தார்கள். இன்று நெடுஞ்சாலை ஓரத்தில் அவர்களுக்கு இரும்பால் ஒரு சுரங்கத் தொழிலாளியின் சிலை இருக்கிறது, தலைக்கவச விளக்கு எரிந்துகொண்டிருக்கும். தூக்குக்கட்டில் சித்திரத்தின் சின்ன வரைவு வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊர்த் தபால் நிலையத்தில் கதவுக்கு மேலே ஏறியது கழுதை.